வீதிகளின் பெயரில் ஊர்கள்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து வெளியே செல்லும் பெரிய வீதிகளின் பெயர்களை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, மானிப்பாய் வீதி, கண்டி வீதி. கண்டி வீதியை விட்டால் மற்றவை எல்லாம் எங்கள் ஊர்களின் பெயர்கள். விக்ரோறியா வீதி, ஸ்ரான்லி வீதி என்று ஆண்டவர்கள் சூட்டிய பெயர்களும் பட்டினத்தின் உள்ளே இருக்கின்றன. ஆனால் மக்கள் நடந்தும் வண்டிலிலும் வந்துபோன வழிகளுக்கு ஊர்களின் பெயர்தான் நிலைத்தது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். பட்டினத்துக்கு இரண்டு மைல் தள்ளி இருப்பவரும் "ரவுணுக்குப் போட்டு வாறன்" என்றுதான் சொல்லிவிட்டுப் புறப்படுவார். வெளிநாட்டில் ஒருவரைச் சந்தித்து "நான் யாழ்ப்பாணம்" என்றால் அந்தப் பதில் செல்லாது. "யாழ்ப்பாணத்திலை எவ்விடம்?" என்று அடுத்த கேள்வி வரும். ஊரின் பெயரைச் சொன்ன பிறகுதான் பேச்சுத் தொடங்கும். பட்டினத்தின் பெயர் ஒருவரை அடையாளம் காட்டப் போதாத நகரம் இது.

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு, கல்லூரி அமைந்திருக்கும் பட்டினத்தைப் பற்றி வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க்குழுவினர் கேட்டனர். நான் வைத்தியர், வரலாறு எனக்கு இரவு நேர வாசிப்பு மட்டுமே. ஆயினும் ஒரு விடயத்தை எழுத வேண்டுமென நெடுநாளாக எண்ணியிருந்தேன். பட்டினம்தான் பாடசாலை, ஆஸ்பத்திரி, நீதிமன்றம், தபாற்கந்தோர் என்று ஊர்களுக்கு வெளிச்சம் கொடுத்தது என்றே நாம் படித்தோம். அது பாதி உண்மை. மற்றப் பாதியைச் சொல்ல இந்த மலர் நல்ல இடம். ஏனெனில் எங்களிற் பெரும்பாலோர் ஊர்களிலிருந்து வந்து இந்தப் பட்டினத்திற் படித்தவர்கள்.

முதலில் பட்டினம் பிறந்த விதம். தமிழ் மன்னரின் இராசதானி நல்லூரில் இருந்தது. 1619 இல் போர்த்துக்கேயர் அரசைக் கைப்பற்றினர். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். நிர்வாகத்தைக் கடலோரத்துக்கு மாற்றி அங்கே கோட்டை கட்டினர். 1658 இல் வந்த ஒல்லாந்தர் அக்கோட்டையை ஐங்கோணமாகத் திருத்திக் கட்டினர். 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். கோட்டை, அதற்கு வெளியே ஐரோப்பியரும் பறங்கியரும் வாழ்ந்த சில தெருக்கள், தேவாலயங்கள், பண்டசாலைகள்: தொடக்கத்தில் பட்டினம் என்பது இவ்வளவுதான். அது ஆட்சி செய்வதற்கும் வரி சேர்ப்பதற்கும் கப்பல் ஏற்றுவதற்குமான இடம். வாழும் வழக்கங்கள் எல்லாம் ஊர்களிலேயே இருந்தன.

இதற்குச் சட்டத்திலேயே சான்று உண்டு. ஒல்லாந்தர் இங்கு நீதி வழங்க முற்பட்டபோது, எந்தச் சட்டப்படி வழங்குவது என்ற கேள்வி எழுந்தது. கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி ஊர்களில் நடைமுறையில் இருந்த சொத்து, சீதனம், ஈடு, அயற்காணி உரிமை முதலிய வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். 1707 இல் அது தேசவழமையாக நடைமுறைக்கு வந்தது. வயல் வரம்பிலும் வீட்டுத் திண்ணையிலும் இருந்த வழக்கம் பட்டினத்து நீதிமன்றத்தின் சட்டமாயிற்று. இன்றும் எமக்குப் பொருந்தும் சட்டம் அதுவே. தாயின் சீதனச் சொத்து மகளுக்குப் போவதும், காணியை விற்பதானால் முதலிற் பங்காளிக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அதன்வழி வந்தவை. மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பதும் அதே மரபில் 1911 இன் கட்டளைச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பட்டமும் பதவியும் பெற்ற எங்கள் தோழியர் பலர் நொத்தாரிசின் மேசையில்தான் இதை முதன்முதலாக அறிந்து திகைத்திருக்கிறார்கள். ஊரின் முதுசம் என்றால் எல்லாம் இனிப்பானவை அல்ல.

பட்டினத்துக்குப் பணமும் ஊரிலிருந்தே வந்தது. வலிகாமத்துச் செம்மண்ணில், குழை தாழ்த்து, மாட்டுப்பட்டி அடைத்து உரமேற்றி, துலாவில் நீரிறைத்து வளர்த்த புகையிலை ஒல்லாந்தர் காலம் தொட்டுத் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியானது. அந்தச் செல்வத்தின் ஒரு பகுதி கல்வீடாகவும் கோயில் மண்டபமாகவும் பிள்ளைகளின் படிப்பாகவும் மாறியது. கொக்குவில், கோண்டாவில் பகுதிகளில் சுருட்டுக் கொட்டில்கள் பெருகின. ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நாட்டு நடப்புப் பேசிய இடங்கள் அவை. இத்தனைக்கும் நுரையீரல் நோயாளிகளைப் பார்க்கும் வைத்தியர் என்ற வகையில், புகையிலையைப் புகழ்ந்து எழுத என் கை சற்றுத் தயங்குகிறது.

கல்வியின் கதை இன்னும் சுவையானது. 1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் பட்டினத்தில் தங்கவில்லை. தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் போனார்கள். அதனால் 1823 இல் தொடங்கிய செமினரி வட்டுக்கோட்டையில் அமைந்தது. 1824 இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை உடுவிலில் அமைந்தது. 1841 இல் 'உதயதாரகை' பத்திரிகை வந்தது. மிஷனின் அச்சகம் மானிப்பாயில் இயங்கியது. சைவத்தின் பக்கத்தில் நல்லூர் ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வண்ணார்பண்ணை அக்காலத்தில் ஐரோப்பியரின் பட்டினத்துக்குப் புறத்தே வளர்ந்த தமிழ்ப் பகுதி. பின்னர் 1913 இல் சேர் பொன். இராமநாதன் பெண்களுக்காகக் கல்லூரி நிறுவியபோதும் மருதனார்மடத்தையே தெரிந்தார். 1930 இல் நா. பொன்னையா சுன்னாகத்திலிருந்து 'ஈழகேசரி'யை வெளியிட்டார். ஈழத்து நவீன எழுத்தாளரின் ஒரு தலைமுறையே அதில் உருவானது. வாசிக்கத் தெரிந்த ஊர்கள் இருந்தபடியால்தான் பட்டினத்தில் புத்தகசாலைகளும் பத்திரிகைகளும் பிழைத்தன.

என் தொழிலைச் சேர்ந்த ஒரு கதையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் நிலைகொண்டார். மேலைத்தேய வைத்தியத்தை முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர் அதைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் படித்து முடித்ததும் ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள். ஊருக்கு வைத்தியர் வேண்டுமானால் ஊரின் மொழியிற் படிக்க வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அவராலும் அவருடைய மாணவர்களாலும் தமிழில் உருவாகின. அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியராயினர். நோய்களுக்கும் உறுப்புகளுக்கும் சொல் தேடியபோது அவர்கள் சமஸ்கிருதத்தை நாடியதோடு, நாட்டு வைத்தியரின் வாய்ச்சொற்களையும் கேட்டறிந்தனர். செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்களின் மரபு இங்கு ஏற்கெனவே இருந்தது. ஒவ்வோர் ஊரிலும் பரம்பரை வைத்தியர் இருந்தார். புதிய வைத்தியம் வெறும் நிலத்தில் விதைக்கப்படவில்லை.

1850 இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியாற் பட்டினத்தில் ஆஸ்பத்திரி எழுந்தது. இன்றைய போதனா வைத்தியசாலையின் தொடக்கம் அதுவே. ஆனால் 1898 இல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியோட் ஆஸ்பத்திரி இணுவிலில் அமைந்தது. எங்கள் பாட்டிமார், தாய்மார் பலர் பிறந்த இடம் அது. "இணுவிலாஸ்பத்திரியிலை பிறந்தது" என்று சொல்வது பழைய மாணவிகளின் குடும்பங்களில் ஒரு காலக்கணிப்பு மாதிரி. ஒரு கிராமத்தில் பெண்களுக்கான ஆஸ்பத்திரி நூற்றாண்டுக்கு முன்பே நடந்தது என்பதை வெளிநாட்டுச் சக வைத்தியர்களிடம் சொல்லும்போது அவர்கள் நம்பச் சிறிது நேரமெடுக்கிறது.

இனிச் சந்தை. 1905 இல் புகையிரதப் பாதை காங்கேசன்துறையிலிருந்து கொழும்பு வரை முழுமையானபோது, ஊர்களும் பட்டினமும் ஒரே கோட்டில் இணைந்தன. ஆனால் உண்மையான போக்குவரத்தைச் செய்தவை மாட்டுவண்டிலும் பின்னர் தட்டிவானும்தான். தட்டிவான் தெரியாத இளைய தங்கையருக்காக: பலகையாற் கட்டிய உடல், பின்புறத்தே இறங்கும் தட்டி, அதில் அடுக்கிய கடகங்கள், மேலே வாழைக்குலை, ஓரத்தில் உட்கார்ந்த பெண்கள். கொடிகாமம் பருத்தித்துறை வீதியில் அது நெடுங்காலம் ஓடியது. நீர்வேலி வாழைக்குலை, சாவகச்சேரிப் பலாப்பழம், கறுத்தக்கொழும்பான் மாம்பழம், வடமராட்சியின் மீன், தீவகத்தின் கருவாடு, எல்லா ஊர்களிலிருந்தும் ஒடியலும் புழுக்கொடியலும் பனாட்டும். பட்டினத்தின் அடுப்பு எப்போதும் ஊரின் பருவத்தைப் பார்த்தே எரிந்தது. பெரியகடைச் சந்தையில் விற்கும் கடகத்தையும் சுளகையும் பின்னிய கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. அந்தப் பெண்களின் பெயர் எந்த மலரிலும் இல்லை.

கலையிலும் இதுவே நடந்தது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் பட்டினம் தன் வழமையை மாற்றிக்கொள்கிறது. வீதிகள் மூடப்படும், வீடுகளில் மரக்கறிச் சமையல், வேலைக்குப் போகிறவர் கூடச் சுற்றிப் போவார். 1734 இல் மீண்டும் எழுந்த அக்கோயிலை இன்று நகரத்தின் அடையாளமாகப் படம் பிடிக்கிறோம். ஆனால் அங்கு ஒலிக்கும் நாதசுரமும் தவிலும் இணுவிலிலும் அளவெட்டியிலும் பயின்றவை. இணுவிலிற் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933-1975) தமிழகத்தின் பெரிய வித்துவான்களோடு சரிசமமாக வாசித்தவர். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதசுரத்தைக் கேட்கவென்றே நல்லூர் வீதியில் நின்றவர்கள் எங்கள் பெற்றோர். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் மயானகாண்டம் ஊர் ஊராக விடியும்வரை ஆடப்பட்டது. பட்டினத்தின் எல்லைக்குள்ளே இருக்கும் குருநகரும் பாசையூரும் நாவாந்துறையும் கடற்கரை ஊர்களாகவே வாழ்ந்து, தங்கள் கத்தோலிக்கக் கூத்துகளைக் காத்தன. 1965 இல் மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அந்தக் கூத்து மரபை மேடைக்குக் கொண்டுவந்தது. நாட்டுக்கூத்தை நகரம் கண்டுபிடித்ததாக எழுதுகிறவர்கள் உண்டு. கூத்து காணாமற் போயிருக்கவில்லை. அது இருந்த இடத்துக்கு நகரம் போகவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஊர் கொண்டுவந்தவற்றுள் சாதியும் ஒன்று. இதை எழுதாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், எந்தக் கோயிலின் எந்த வாசல்வரை யார் போகலாம், தேநீர்க்கடையில் யாருக்குப் போத்தலில் தேநீர் என்ற கணக்குகளைப் பட்டினமும் பின்பற்றியது. பாடசாலைகளும் விலக்கல்ல. எமது சங்கம் உருவான அதே 1920களில்தான், 1924 இல், யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தோன்றியது. மானிப்பாயைச் சேர்ந்த ஹன்டி பேரின்பநாயகமும் அவருடைய நண்பர்களும் சமஆசனம், சமபோசனம் என்று பேசத் தொடங்கினர். அவர்களின் அழைப்பில் 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்த வேண்டும் என்று வந்தபோது, எதிர்ப்பும் பாடசாலைகளுக்குத் தீ வைப்பும் நிகழ்ந்த காலம் அது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1968 இல், மாவிட்டபுரம் கோயில் வாசலில் அதே கேள்வி மீண்டும் எழுந்தது. இந்த அநீதியை எழுத்தில் வைத்தவர்களுள் ஒருவரான கே. டானியலும், 1966 இல் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவாவும் பட்டினத்தில் நின்று எழுதினர். ஜீவாவின் முடிதிருத்தும் நிலையமே 'மல்லிகை'யின் அலுவலகமாகவும் இருந்தது. ஊரின் கட்டை அவிழ்க்கச் சிலருக்குப் பட்டினம் இடம் கொடுத்தது என்பதையும் அதன் கணக்கில் எழுத வேண்டும்.

எமது கல்லூரியின் பங்கை இந்த இடத்தில்தான் நான் பார்க்கிறேன். பழைய சேர்வு இடாப்புகளில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தொழில் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் 'ஊர்' என்று ஒரு நிரல் இருந்தது. மூத்த அக்காமார் சொல்லக் கேட்டிருக்கிறேன்: காலைப் புகையிரதத்தில் தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், கொக்குவில் என்று ஒவ்வொரு நிலையத்திலும் வெள்ளைச் சட்டைகள் ஏறுமாம். தீவகத்துப் பிள்ளைகள் விடுதியில் தங்குவர். ஒரே வகுப்பில் மூன்று விதமான பேச்சு இருந்தது. வடமராட்சிப் பிள்ளையின் இழுப்பைத் தென்மராட்சிப் பிள்ளை பகிடி பண்ணும். இருவரையும் சேர்த்து ரவுண் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும் எந்த வீட்டில் எப்படி என்ற வாக்குவாதம் ஒருபோதும் தீர்ந்ததில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைப் பாடியதால் கூழ் நவாலிக்கே சொந்தம் என்று வாதாடிய ஒரு தோழி இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார்.

1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது செம்மண் ஊர்களிற் பணம் புழங்கியது. 1977 இல் இறக்குமதி திறக்கப்பட்டதும் அது வற்றியது. 1974 இல் தொடங்கிய பல்கலைக்கழக வளாகம் அமைந்ததும் திருநெல்வேலியில்தான். அது மாநகரசபை எல்லைக்குள் இல்லை, நல்லூர்ப் பிரதேச சபைக்குள் இருக்கிறது. 1978 இல் மருத்துவபீடம் சேர்ந்தது. பட்டினம் தன் எல்லையைத் தாண்டி ஊர்களுக்குள் நடக்கத் தொடங்கிய காலம் அது.

பின் வந்தவை உங்களுக்குத் தெரியும். 1981 இல் நூலகம் எரிந்தது. 1990 யூனில் புகையிரதம் நின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் தங்கள் ஊர்களை விட்டு வெளியேறினர். காங்கேசன்துறை வீதியும் பலாலி வீதியும், தங்கள் பெயருக்குரிய ஊர்களை அடையாமலே பாதியில் நின்ற வீதிகளாயின. அதே ஆண்டு ஒக்ரோபரில் சோனகதெருவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். எனக்கு அப்போது பத்து வயது. அயலிலிருந்த பிள்ளைகள் ஒரே நாளில் இல்லாமற் போனார்கள். ஏன் என்று வீட்டிற் கேட்டபோது எல்லோரும் மௌனமாக இருந்தது நினைவில் இருக்கிறது. ஊர்கள்தான் பட்டினத்தை உருவாக்கின என்று நான் எழுதும்போது, பட்டினத்துக்கே சொந்தமாயிருந்த அந்த மக்களின் தையற்கடைகளையும் இரும்புக் கடைகளையும் பள்ளிவாசல்களையும் தவிர்த்து எழுத முடியாது.

1995 ஒக்ரோபர் 30. பட்டினமும் வலிகாமமும் ஒரே இரவில் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தன. மழை. நாங்கள் சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வகுப்பு. சில இலட்சம் மக்களைத் தென்மராட்சியின் வளவுகள் தாங்கின. மாமரத்தின் கீழும் மாட்டுக்கொட்டிலிலும் கோயில் மண்டபத்திலும் குடும்பங்கள் இருந்தன. நாங்கள் இருந்த வளவில் பதினொரு குடும்பம், ஒரு கிணறு. வீட்டுக்கார அம்மா காலை நான்கு மணிக்கு எழுந்து, வரிசை தொடங்குமுன் எங்களுக்குத் தண்ணீர் அள்ளி வைப்பார். பட்டினத்துப் பிள்ளைகளான எங்களுக்கு விறகு பொறுக்கவும், ஒடியல் மாவில் கூழ் காய்ச்சவும், ஓலை கிழிக்கவும் அவர் கற்றுத் தந்தார். எங்கள் வகுப்புகள் ஒரு கிராமப் பாடசாலையின் ஓலைக் கொட்டிலிற் பிற்பகலில் நடந்தன. பட்டினம் ஆளில்லாமல் கிடந்த அந்த மாதங்களில், பட்டினம் என்று நாம் சொல்லும் எல்லாமே ஊர்களின் தயவில் உயிர் தரித்தன. அந்தத் தென்மராட்சியே 2000 இல் இடம்பெயர்ந்து சிதைந்தது. நாங்கள் திருப்பிக் கொடுத்தது எவ்வளவு என்று நினைத்தால் நிறைவாக இல்லை.

1981 இன் குடிசன மதிப்பில் மாநகரசபை எல்லைக்குள் ஏறத்தாழ 1 இலட்சத்து 18 ஆயிரம் பேர் இருந்தனர். 2012 இல் 88 ஆயிரம். 2014 ஒக்ரோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அடுத்த சனவரியில் காங்கேசன்துறையை அடைந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017 இல் விடுவிக்கப்பட்டது. விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியவர்கள் முதலிற் தேடியது வீட்டின் அத்திவாரத்தை அல்ல, கிணற்றை. கிணறு இருந்தால் எல்லை தெரியும்.

கிணறு என்றதும் என் தொழிலுக்கு வருகிறேன். நோயாளி கட்டிலருகே நான் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று "எந்த ஊர்?" என்பதே. மரியாதைக்காக மட்டுமல்ல. ஊரைச் சொன்னால் மண், தண்ணீர், தொழில் மூன்றும் தெரிந்துவிடும். குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரே முழு உயிர். பட்டினத்தின் குழாய்நீர் நெடுங்காலமாகக் கோண்டாவில், திருநெல்வேலிக் கிணறுகளிலிருந்தே வந்தது. கோட்டையைச் சுற்றிய பட்டினத்துக் கிணறுகள் பல உவரானவை. ஆகவே பட்டினம் குடித்ததும் ஊரின் தண்ணீர்தான். இன்று அதே செம்மண் ஊர்களிற் பல கிணறுகளில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவைத் தாண்டிவிட்டது. ஒரு பக்கம் மிதமிஞ்சிய இரசாயன உரம், மறுபக்கம் நெருங்கிக் கட்டிய வீடுகளின் மலசலகூடக் குழிகள். போத்தற்பால் கரைக்க அந்த நீரைப் பாவித்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து. சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி வந்தபோது, தண்ணீர் வாங்கிக் குடிக்கும் பழக்கம் எங்களிடையே ஒரே வருடத்திற் பரவியது.

பட்டினத்துக்கு இரணைமடுத் தண்ணீரைக் கொண்டுவரும் திட்டத்துக்குக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். தங்கள் வயலுக்கே போதாதென்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. இறுதியில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. சுனாமியிலும் போரிலும் அடிபட்ட ஒரு கரையோர ஊர் இனிப் பட்டினத்துக்குத் தண்ணீர் தருகிறது.

இதற்கிடையே கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலித் தோட்டங்கள் இரண்டு பரப்பு, ஒரு பரப்பு என்று வீட்டுக் காணிகளாகத் துண்டாகின்றன. விற்பவர்களிலும் வாங்குபவர்களிலும் எங்கள் பழைய மாணவிகள் உண்டு. நானும் அப்படியொரு துண்டில்தான் வீடு கட்டியிருக்கிறேன். மதில் எழும்பியதும் வேலி போய்விட்டது. வேலியோடு கிளுவையும் பூவரசும் அவற்றின் குழையும் போய்விட்டன. ஊர் பட்டினமாவதை வளர்ச்சி என்று பதிகிறார்கள். அந்த நிலத்தில் விளைந்தது இனி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குத் தம்புள்ளைச் சந்தை என்பது இன்றைய பதில்.

கடல் கடந்தவர்களிடம் ஒரு விசித்திரத்தைக் காண்கிறேன். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் ஒரே ஆள் இரண்டு சங்கங்களில் அங்கத்தவர். ஒன்று ஊரின் பெயரில். மற்றது பட்டினத்துப் பாடசாலையின் பெயரில். ஊர்ச் சங்கம் கோயில் திருப்பணிக்கும் வாசிகசாலைக்கும் பணம் சேர்க்கும். பழைய மாணவிகள் சங்கம் ஆய்வுகூடத்துக்கும் மண்டபத்துக்கும் சேர்க்கும். இரண்டுக்கும் இராப்போசன விருந்து ஒரே மண்டபத்தில், வேறுவேறு சனிக்கிழமையில். ஒன்றின் பணம் மற்றதை ஒருபோதும் சந்திப்பதில்லை. ஊர்ப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புவரை படித்துவிட்டுத்தான் எங்களிற் பாதிப்பேர் இங்கு வந்தோம். இன்று அந்த ஆரம்பப் பாடசாலைகளிற் சில, பிள்ளைகள் போதாமல் மூடும் நிலையில் இருக்கின்றன. நூற்றாண்டு நிதியின் ஒரு பங்கை அங்கு அனுப்புவது பற்றிச் செயற்குழு யோசிக்க வேண்டுமென்று எழுத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இடப்பெயர்வுகளில் எமது சேர்வு இடாப்புகளிற் சில தொலைந்துவிட்டன. இருப்பவற்றில் மழைநீர் பட்டு 'ஊர்' நிரல் அழிந்த பக்கங்கள் உண்டு. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம் பெயர், படித்த ஆண்டுகள், எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், எந்த வீதியால், எதில் வந்தீர்கள், சாப்பாட்டுப் பெட்டியில் என்ன இருந்தது என்பதை ஒரு பக்கத்தில் எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். அம்மாவோ அம்மம்மாவோ இங்கு படித்திருந்தால் அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களிடமிருந்து தொடங்குவது நல்லது. ஊரின் பெயரை, இப்போது அங்கு யாரும் இல்லாவிட்டாலும், குறிச்சியோடு சேர்த்து முழுமையாக எழுதவும்.